பன்னிரண்டு குடிகாரர்களும் ஒரு கணையமும்

என் சித்தப்பா குணசேகருக்கு வருஷத்தில் இரண்டு பிறந்தநாள். ஒன்று, அவர் கோலார் தங்கவயலில் பிறந்த நாள். அதை யாரும் கொண்டாடுவதில்லை, அவருக்கே தேதியில் சந்தேகம் உண்டு. இன்னொன்று, அவர் குடியை விட்ட நாள். அதற்கு கேக் உண்டு, மெழுகுவர்த்தி உண்டு, பிரியாணி உண்டு. போன ஆகஸ்டில் வந்தது ஒன்பதாவது. ஐம்பத்தொரு வயது மனிதர், தொண்ணூற்றொரு கிலோ, ஒற்றை எண்ணாக நிற்கும் மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பதைப் பார்த்தால் விஷயம் தெரியாதவர்களுக்குச் சிரிப்பு வரும். தெரிந்த எங்களுக்கும் வரும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய அப்பா, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டுக்கு இன்ஜின் ஓட்டியவர். அப்பா ஆளுங்களக் கீழ இறக்கினாரு, நான் மேல ஏத்துறேன், கணக்கு நேராயிடுச்சு என்று சித்தப்பா சொல்லிக்கொள்வார். இருபது வயதில் பெங்களூருக்கு வந்து ஒரு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தார். இன்றைக்கு ஊர் முழுக்க அறுபது கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில். எந்தக் கட்டடம் என்பதை அவர் முகவரியால் நினைவில் வைப்பதில்லை. மல்லேஸ்வரத்தில் ஒரு லிஃப்டுக்கு நெய் தோசை லிஃப்ட் என்று பெயர், ஃப்ரேசர் டவுனில் ஒன்றுக்கு கீமா சமோசா லிஃப்ட். ரிப்பேர் முடிந்ததும் அந்தந்த வீட்டில் என்ன தருவார்களோ அதுதான் பெயர்.

குடித்த காலத்தை அவர் ஒளிப்பதில்லை. அந்த நெய் தோசைக் கட்டடத்திலேயே ஒருமுறை, மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்குள் போய்ப் படுத்தவர் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. லிஃப்ட் ஓடவில்லை, மெக்கானிக் வரவில்லை என்று குடியிருப்பவர்கள் ஐந்து மாடி ஏறி இறங்கிக்கொண்டே கம்பெனிக்குப் புகார் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் அவர்கள் தலைக்கு மேலேயே இருந்தார். இதைச் சித்தப்பா சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். என் சித்தி யசோதா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

சித்திக்கு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் செக்கிங் வேலை. ஒரு நாளைக்கு ஐந்நூறு சட்டைகள் அவர் கையைத் தாண்டிப் போகும். தையல் பிசகியிருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, சட்டையை ஒதுக்கிவிடுவார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சித்தப்பாவையும் அப்படித்தான் ஒதுக்கினார். தங்கவயலுக்கு, தன் அண்ணன் அசோகன் மாமா வீட்டுக்குப் போய் ஏழு மாதம் இருந்தார். சித்தப்பா குடியை விட்டு, அதை அவரும் நம்பி, லிங்கராஜபுரத்து வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு சொட்டு தொட்டாலும் அண்ணனுக்கு போன் போகும். அண்ணன் தன் ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு வருவார். அப்புறம் திரும்புகிற பேச்சே இல்லை. சித்தி சொன்னால் சொன்னதுதான் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அசோகன் மாமாவுக்கு மிக நன்றாகவே தெரியும். அவர் அன்றிலிருந்து ஆம்னியில் பெட்ரோலைக் குறைய விடுவதில்லை என்று என் அம்மா கிண்டல் செய்வார்.

அதனால் அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டாயிற்று. சித்தப்பா சாயங்காலம் வாசலுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், வாயைத் திறந்து ‘ஹா’ என்று ஊதுவார். சித்தி மூக்கை நீட்டி ஒரு மூச்சு இழுப்பார். “வெங்காய சமோசா. ரெண்டு,” என்பார். அல்லது, “அந்த மல்லேஸ்வரத்து வீட்டுல இன்னிக்கி நெய் பழசு.” அதற்குப் பிறகுதான் உள்ளே விடுவார். விருந்தாளிகள் இருந்தாலும் இது நடக்கும். மழை கொட்டினாலும் நடக்கும்.

குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில் கூடுவார்கள். சித்தப்பாவையும் சேர்த்துப் பதின்மூன்று பேர். ஆட்டோ ஓட்டுபவர்கள், பெயிண்டர்கள், ஒரு பல் டாக்டர்கூட உண்டு. மூத்தவர் நாணு. சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பதினேழு வருஷமாகக் குடிக்காதவர். அங்கே ஒரு முறை இருக்கிறது. பேச எழுந்திருப்பவர் முதலில், “என் பேர் இன்னது, நான் ஒரு குடிகாரன்,” என்று சொல்ல வேண்டும். உடனே மற்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள். நேற்று விட்டவரும் அப்படித்தான் சொல்ல வேண்டும், பதினேழு வருஷத்துக்கு முன்னால் விட்டவரும் அப்படித்தான். மறந்தால் கை தானாக கிளாசுக்குப் போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒன்பது வருஷம் ஞாயிறு தவறாமல் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சித்தப்பா அப்படித்தான் சொல்வார் என்ற நிலைக்கு வந்திருந்தார்.

சித்தி அந்த ஹால் பக்கமே போனதில்லை. “அந்தக் கதையில ஒரு தடவ வாழ்ந்தது போதாதா, ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம உக்காந்து வேற கேக்கணுமா,” என்பார். எனவே கேக்கை எடுத்துக்கொண்டு நான் போவேன்.

ஒன்பதாவது பிறந்தநாள் வந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே சித்தப்பா ஹொஸ்கோட்டேவுக்குப் போய்விட்டார். அங்கே அந்த நேரத்துக்கு மட்டன் பிரியாணிக்கு வரிசை நிற்கும். பதினைந்து பேருக்கு ஒரு அண்டாவில் வாங்கிக்கொண்டு வந்தார். நல்லதுதானா என்று பார்ப்பதற்கு அங்கேயே ஒரு பிளேட் சாப்பிட்டார். முதல் பிளேட்டில் சரியாகத் தெரியவில்லை என்று இன்னொரு பிளேட்டும் சாப்பிட்டார்.

பதினொன்றரை மணிக்குப் பேச எழுந்தார். பெயர் சொன்னார், குடிகாரன் என்றார், வணக்கம் வந்தது. மெஷின் ரூம் கதை பாதியில் இருக்கும்போது நிறுத்தினார். மேல் வயிற்றில் கையை வைத்தார். எல்லோரும் அது கதைக்கான நடிப்பு என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் குனிந்தார், குனிந்தவர் நிமிரவில்லை. கத்தியால் குத்தி முதுகுப் பக்கமாக இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றார். கேஸ்தான் என்று ஒருவர் எலுமிச்சை சோடா வாங்கி வந்தார். குடித்த மறுநிமிஷம் அது வெளியே வந்தது.

நாணு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று இரண்டே கேள்வி கேட்டார். முகம் மாறிவிட்டது. “இது கேஸ் இல்ல. இது கணையம். எனக்கு வந்துகிது,” என்றார். சோடா வாங்கி வந்தவர் பாட்டிலைக் கீழே வைத்தார். அந்தப் பன்னிரண்டு பேரில் நாலு பேருக்கு அது வந்திருந்தது. ஏன் வந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மூன்று ஆட்டோக்களில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒன்றில் சித்தப்பாவும் நாணுவும் நானும். மற்ற இரண்டில் மற்றவர்களும் கேக்கும் பிரியாணி அண்டாவும். அண்டாவை ஹாலில் விட்டுவரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எமர்ஜென்சியில் அன்று ட்யூட்டியில் இருந்தவர் ஷ்ரேயாஸ் என்ற இளம் டாக்டர். தலைமுடி ஒரு பக்கமாக எழுந்து நின்றது, முந்தின ஷிஃப்டிலிருந்தே தூங்காதவர்போல இருந்தார். நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், வயிற்றை மெல்ல அழுத்தினார். சித்தப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குடிப்பழக்கம் உண்டா என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார்.

சித்தப்பா கண்ணை மூடியபடியே, வலிக்கு நடுவில், தமிழில் தெளிவாகச் சொன்னார். “என் பேர் குணசேகர். நான் ஒரு குடிகாரன்.”

திரைக்குப் பின்னாலிருந்து பன்னிரண்டு ஆண் குரல்கள் ஒன்றாக வந்தன. “வணக்கம் குணசேகர்.”

டாக்டர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். திரையை விலக்கிப் பார்த்தார். வரிசையாகப் பன்னிரண்டு பேர், ஒருவர் கையில் கேக், இருவர் கையில் அண்டா. இவர்கள் யார் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நாணு முன்னால் வந்து, மிகுந்த மரியாதையோடு, “நாங்களும் குடிகாரங்கதான் டாக்டர்,” என்றார். செக்யூரிட்டி வந்து அத்தனை பேரையும் நடைபாதைக்கு அனுப்பினார். டாக்டர் பேனாவை எடுத்து, கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டார். கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்டபோது சித்தப்பா மறுபடி வாந்தி எடுத்தார். அதற்குள் வலிக்கு ஊசி போட்டுவிட்டார்கள். பதில் வரவில்லை.

நான் சித்திக்கு போன் செய்தேன்.

சித்தி வருவதற்குள் வேலைகள் வேகமாக நடந்தன. மேல் வயிற்று வலி இதயத்திலிருந்தும் வரலாம் என்பதால் முதலில் இ.சி.ஜி. எடுத்தார்கள். எடுக்க வந்தவர் பெயரைக் கேட்டார். பெயரைக் கேட்டால் என்ன நடக்கும் என்று இப்போது எனக்குத் தெரிந்திருந்தது, ஆனாலும் தடுக்க முடியவில்லை. நடைபாதையிலிருந்து வணக்கம் வந்தது. பிறகு கிரேஸ் என்ற நர்ஸ் கையில் ட்ரிப் ஏற்றினார், ஐந்து குழாய்களில் ரத்தம் எடுத்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டு, நீங்க தங்கவயலா என்றார். சுரங்கக் குடியிருப்பில் எந்த லைன் வீடு என்று விசாரித்து, அவருடைய பெரியம்மாவும் எங்கள் தாத்தாவும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் என்ற முடிவுக்கு இரண்டே நிமிஷத்தில் வந்துவிட்டார். அப்புறம் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். கணையம் வீங்கினால் லைபேஸ் என்ற ஒன்று ரத்தத்தில் கொட்டும், அதைப் பார்ப்பதற்கு ஒரு குழாய். ஈரலுக்கு ஒன்று. கால்சியம், கொழுப்பு, சர்க்கரை, கிட்னி எல்லாவற்றுக்கும் சேர்த்து மற்றவை. தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. அண்டாவை அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொல்லுங்கள், மணம் இங்கே வரை வருகிறது, எனக்கே தாங்கவில்லை.

நடைபாதையில் இருந்தவர்கள் அதற்குள் வேறு விசாரணையில் இறங்கியிருந்தார்கள். ஒளித்து வைப்பதில் அவர்களுக்குத் தெரியாத வழி இல்லை. இருவர் அல்சூருக்குத் திரும்பிப் போய் சித்தப்பாவின் ஸ்கூட்டரையே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தார்கள். இரண்டு ஸ்பேனர், கிரீஸ் டப்பா, பாதி பாக்கெட் மைசூர்பா. தண்ணீர் பாட்டிலை ஒருவர் மோந்தார், இன்னொருவர் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, “காவேரி தண்ணி,” என்று தீர்ப்புச் சொன்னார். அதில் அவருக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்ல முடியவில்லை. மைசூர்பா தீர்ந்தது.

சித்தி ஆட்டோவிலிருந்து இறங்கி யாரோடும் பேசாமல் நேராகக் கட்டிலுக்குப் போனார். குனிந்தார்.

“ஊதுங்க.”

சித்தப்பா பாதி மயக்கத்தில் ஊதினார். சித்தி மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். வாந்தி, டெட்டால், எலுமிச்சை சோடா, இரண்டு பிளேட் பிரியாணி, ஊசி மருந்து. ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அந்த மூக்குக்கு ஒன்றும் புரியவில்லை. நிமிர்ந்து, கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய ஃபைலைக் காட்டினார்.

“இன்னா எழுதிகிறாங்க. படி.”

நான் மெதுவாகப் படித்தேன். சத்தமாகப் படி என்றார். படித்தேன். நாள்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர். திடீர்க் கணைய வீக்கம் என்று சந்தேகம்.

சித்தியின் ஃபேக்டரியில் கூட வேலை செய்யும் ஒருத்தியின் கணவர் கணையத்தில்தான் போனார். அது குடிப்பவர்களுக்கு வருவதுதானே என்று கிரேஸைக் கேட்டார். பாதிப் பேருக்கு அதனால்தான் வரும், எல்லோருக்கும் அப்படி இல்லை என்று கிரேஸ் சொன்னார். சித்தி முதல் பாதியோடு வெளியே போய்விட்டார். நடைபாதையின் கோடியில் நின்று போன் செய்வதை நான் பார்த்தேன். மணி ஒன்று. மறுமுனையில் அசோகன் மாமா முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார். சித்தி சொன்னது இரண்டே வார்த்தை: வண்டியை எடு.

சித்தி போன் செய்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் ட்ரிப் ஏறிக்கொண்டு படுத்திருந்தார்.

இரண்டு மணிக்கு லைபேஸ் வந்தது. ஆயிரத்து நானூற்று அறுபது. எவ்வளவு இருக்க வேண்டும் என்று சித்தி கேட்டார். அறுபதுக்குள் என்றார் கிரேஸ்.

“அறுபது வரைக்கும் எல்லாருமே குடிக்கலாமா?” என்று சித்தி கேட்டார். லைபேஸ் என்பது குடித்ததை அளக்கும் டெஸ்ட் என்று அவர் நினைத்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாணு அவரை உட்காரவைத்து விளக்கினார். இந்த எண் கணையம் வீங்கியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எதனால் என்று சொல்லாது. மூன்று மடங்குக்கு மேல் போனால் அதுதான் என்று அர்த்தம், அவ்வளவே. விளக்கி முடித்தவர் சும்மா இருந்திருக்கலாம். தன்னுடையது அந்தக் காலத்தில் இரண்டாயிரத்து நூறு என்று சேர்த்துக்கொண்டார். பெயிண்டர் ஒருவர் தனக்கு மூவாயிரத்தைத் தாண்டியது என்றார். பல் டாக்டர் ரிப்போர்ட்டை இன்னும் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். பி.யு.சி. ரிசல்ட் வந்த அன்று காலேஜ் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. சித்தப்பாவுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ்கூடக் கிடைக்கவில்லை.

டாக்டர் ஷ்ரேயாஸ் கையில் இன்னொரு தாளோடு வந்தார். ஈரலின் எண்களில் ஒன்று நாலு மடங்கு ஏறியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். இப்படி ஏறினால் பித்தப்பையில் கல் இருக்கலாம், குடியால் வந்தால் பெரும்பாலும் இப்படி ஏறாது என்று சொன்னார். இன்று ஞாயிறு, ஸ்கேன் டாக்டர் வீட்டில் இருக்கிறார், சாதாரணமாக நாளைக் காலையில்தான் பார்ப்போம். கல் அடைத்துக்கொண்டிருந்தால் நாளை வரை விடுவது நல்லதில்லை. நோயாளி தூங்குகிறார், கேட்க முடியவில்லை. கடைசியாக எப்போது குடித்தார், யாராவது சரியாகச் சொல்ல முடியுமா?

மற்ற பதினொரு பேரும் நாணுவைப் பார்த்தார்கள். நாணு தரையைப் பார்த்தார். “டாக்டர், நான் சொன்னா அது வெறும் நம்பிக்கதான். நானே எங்க வீட்டம்மாவ ஆறு வருஷம் ஏமாத்துனவன். எங்கள்ல யாரும் இன்னொருத்தனுக்காகச் சத்தியம் பண்ண மாட்டோம்.”

டாக்டர் சித்தியைப் பார்த்தார்.

சித்தி எழுந்து நின்றார். முந்தானையைச் சரிசெய்தார். நான் அவருடைய கையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசோகன் மாமா அப்போது கோலாரைத் தாண்டியிருப்பார்.

“ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி,” என்றார் சித்தி. “ஆகஸ்டு பதினெட்டு. செவ்வாக்கிழம.”

“உறுதியா?”

“சார், நான் செக்கிங்ல கீறேன். தெனம் சாயந்திரம் வாசல்ல நிக்க வெச்சு இவரு வாய மோந்து பாத்துகிறேன். மூவாயிரத்துக்கு மேல டெஸ்டு. ஒண்ணுலகூட இல்ல. இன்னிக்கி எனக்கு வாசன தெரியல, அவ்ளோதான். ஒரு நாள் தெரியலன்னு மூவாயிரம் நாள பொய்யின்னு சொல்ல முடியுமா. எழுதிக்கோங்க.”

டாக்டர் ஷ்ரேயாஸ் எழுதிக்கொண்டார். அப்படியே நின்றுகொண்டு ஸ்கேன் டாக்டருக்கு போன் செய்தார்.

ஸ்கேன் அறை மூன்றாவது மாடியில். ஸ்ட்ரெச்சர் லிஃப்டில் ஏறியது, சித்தியும் நானும் கூட ஏறினோம். மேலே போய் நின்றபோது லிஃப்டின் தளம் மாடியின் தளத்தைவிட இரண்டு அங்குலம் கீழே இருந்தது. சக்கரம் இடித்தது. சித்தப்பா கண்ணைத் திறந்தார். மதியத்திலிருந்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்: “லெவலிங் போயிருக்குது, பிரேக் லைனிங்கப் பாக்கச் சொல்லு.” சித்தி அவர் கண்ணைத் தன் கையால் மூடினார். இந்த ஆள் குடித்திருக்கிறார் என்று எவன் சொல்வான் என்று முணுமுணுத்தார். ஆனால் ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாக்குக் கொடுத்தாகிவிட்டது. எழுதியும் ஆகிவிட்டது. கல் இல்லாவிட்டால்?

ஸ்கேன் டாக்டர் ஒரு அம்மா. வீட்டில் ஏதோ விசேஷத்தின் பாதியிலிருந்து வந்திருந்தார், தலையில் மல்லிகைச் சரம், கையில் மருதாணி. குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கருவியை மேல் வயிற்றில் வைத்து அழுத்தினார். திரையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சாம்பல் நிற மேகம். அவருக்கும் அப்படித்தான். முன்னால் குடலில் முழுக்கக் காற்று, கணையமே தெரியவில்லை என்று கன்னடத்தில் சொன்னார். சித்திக்குக் கன்னடம் நன்றாகவே புரியும். திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

டாக்டரம்மா கருவியை வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே நகர்த்தினார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார், கொஞ்சம் இடது பக்கமாகத் திரும்பச் சொன்னார். தொண்ணூற்றொரு கிலோவை நாங்கள் இருவரும் சேர்ந்து திருப்பினோம். திரையில் ஒரு கறுப்புப் பை தெரிந்தது. பைக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொடிகள், கடுகைப் போட்டு உலுக்கிய மாதிரி, சித்தப்பா திரும்பியதும் அவையும் உருண்டன.

“இதோ,” என்றார் டாக்டரம்மா. “கல். ஒண்ணு ரெண்டு இல்ல.”

அவர் இங்கிலீஷில் விளக்கியதை நான் சித்திக்குச் சொன்னேன். இந்தப் பையிலிருந்தும் கணையத்திலிருந்தும் குடலுக்குள் போகும் வழி ஒன்றுதான். ஒரு குட்டிக் கல் நழுவி அந்த வழியை அடைத்தால் கணையம் வீங்கும். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வரும். வீக்கம் வடிந்ததும் பித்தப்பையை எடுத்துவிட வேண்டும்.

சித்தி கேட்டார், “எத்தன கல்லு?”

எண்ண முடியாத அளவு என்றார் டாக்டரம்மா.

சித்தி சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு தோள்கள் குலுங்க, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்து. புருஷனின் வயிற்றில் எண்ண முடியாத அளவு கல் இருக்கிறது என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்டவரை டாக்டரம்மா அதுவரை பார்த்திருக்க மாட்டார். ஜெல்லைத் துடைக்க மறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் சிரித்தார், ஏன் என்று தெரியாமலேயே.

கீழே வந்து நான் சொன்னதும் நடைபாதையில் பன்னிரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். எங்க குணசேகருக்குக் கல்லு என்று பெயிண்டர் எதிரே வந்த ஒரு முன்பின் தெரியாதவரிடம் சொல்லிக் கை குலுக்கினார். அந்த மனிதர் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். செக்யூரிட்டி இரண்டு முறை வந்து திட்டினார். மூன்றாவது முறை வந்தபோது அவர் கையில் ஒரு பேப்பர் தட்டில் பிரியாணி இருந்தது, திட்டுவதற்கு வாய் ஒழியவில்லை. கிரேஸ் தன் பங்கை டிபன் பாக்ஸில் வாங்கிக்கொண்டார். டாக்டர் ஷ்ரேயாஸ் ஃபைலில் முதல் வரியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். சித்தி அவர் தோளுக்குப் பின்னால் நின்று, கோடு முழு வரி மேலும் போகிறதா என்று கவனித்தார். கடைசி எழுத்து மிச்சமிருந்தது. அதையும் அடிக்கவைத்தார்.

அந்த நேரத்தில் அசோகன் மாமா வந்து சேர்ந்தார்.

இரண்டே முக்கால் மணி நேரம் கோபத்தைக் காத்துக்கொண்டு வந்த முகம் அது. நடைபாதையில் கேக் வெட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார், நடுவில் வாய் நிறையக் கேக்கோடு நின்ற தங்கையைப் பார்த்தார். பை எங்கே, கிளம்பு என்றார். சித்தி அவர் வாயில் ஒரு துண்டு கேக்கை வைத்தார். இன்னும் வேண்டுமானால் பிரியாணி இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு உட்காருங்க அண்ணா, நான் எங்கேயும் வரவில்லை என்றார். மாமா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கேக்கை மென்றார்.

சாயங்காலம் சித்தப்பாவை வார்டுக்கு மாற்றினார்கள். வலி குறைந்திருந்தது, பசி வந்திருந்தது, ஒன்றும் தரக் கூடாது. சித்தி ஈரப் பஞ்சால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார். கதவின் கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்துவிட்டு சித்தப்பா கேட்டார்.

“உங்க அண்ணன் எதுக்கு வந்துகிறாரு?”

“என்னக் கூட்டிட்டுப் போறதுக்கு.”

சித்தப்பா உதட்டிலிருந்து பஞ்சை விலக்கினார். “நீ போன் பண்ணியா?”

“ஒரு மணிக்கு.”

“டாக்டராண்ட எனக்காகச் சொன்னியாமே. நாணு சொன்னாரு.”

“அது ரெண்டு மணிக்கு.”

“நடுவுல?”

சித்தி பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். “நடுவுல ஒரு மணி நேரம் நம்பல. இன்னா பண்றது. நம்பல.”

நான் எழுந்து வெளியே போகலாமா என்று நினைத்தேன். சித்தப்பாவின் வயிறு மெதுவாகக் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

“ஒன்பது வருஷத்துல ஒரு மணி நேரந்தானா,” என்றார். “நானே என்னய அதவிட ஜாஸ்தி சந்தேகப்பட்டுகிறேன் யசோதா.”

சித்திக்கும் வந்துவிட்டது. சிரிக்காதே, வலிக்கிறது, நீ சிரித்தால் எனக்கும் வருகிறது, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள் என்று சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்து சித்தப்பாவுக்கு இன்னும் அதிகமானது. நர்ஸ் ஓடி வந்தார்.

ராத்திரி கூட இருப்பவர் யார் என்று கேட்டதற்கு சித்தி கையெழுத்துப் போட்டார். கீழே, தங்கையை ஏற்றிக்கொண்டு போக வந்த ஆம்னியில் ஏழு குடிகாரர்களும் ஒரு காலி அண்டாவும் ஏறி அல்சூருக்குக் கிளம்பினார்கள். மாமா ஓட்டினார். மிச்சப் பேருக்கு இன்னொரு டிரிப் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.